டிஸ்சார்ஜ் ஃபைலைப் படிப்பது எப்படி? மருத்துவமனைச் சொற்கள் புரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு ஃபைல் கொடுத்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் ரிப்போர்ட், இ.சி.ஜி., மருந்துச் சீட்டு, பில் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். வீட்டில் கொஞ்சம் படித்த பிள்ளை யாராவது இருந்தால் 'நீயே பார்த்துச் சொல்லுப்பா' என்று அதை அவர் கையில் திணித்துவிடுவார்கள், அவர் படித்தது சிவில் இன்ஜினியரிங்காக இருந்தாலும் சரி. அவரும் ஒவ்வொரு சொல்லாகக் கூகிளில் போட்டுப் பார்ப்பார், மூன்றாவது சொல்லிலேயே கேன்சர் என்று வந்து நிற்கும், அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயில் நுழையாத நீளமான சொற்களால் அவ்வளவாக ஆபத்து இல்லை. புரியவில்லை என்று நமக்கே தெரியும், யாரிடமாவது கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சின்னச் சொற்கள்தான் காலை வாரிவிடும்: பாசிட்டிவ், சைனஸ், ஷாக், ஆஞ்சியோ, ஓ.டி. போன்றவை. அதனால் கீழே அந்த மாதிரிச் சொற்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் நோயைக் கண்டுபிடிக்கப் போவதில்லை, மருந்தை மாற்றப் போவதும் இல்லை. மருந்தைத் தப்பில்லாமல் கொடுக்கவும், எப்போது திரும்ப ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும், டாக்டர் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் உருப்படியான கேள்வி கேட்கவும் இது போதும்.

முதலில் தாள்களைப் பிரியுங்கள்

பில்லைத் தனியே எடுத்து வையுங்கள். மீதித் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது சரியாக இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் இருவர் ஒரே வார்டில் இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை, அடுத்த கட்டில்காரரின் ரிப்போர்ட் உங்கள் ஃபைலில் வந்து உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். முக்கியமாக இ.சி.ஜி. தாளை. வழவழவென்று இருக்கும் அந்தத் தாளில் சூட்டால்தான் கோடு விழுகிறது, நாள்பட வெளுத்துப் போய்விடும். அடுத்த முறை நெஞ்சு வலி என்று போனால், டாக்டர் முதலில் கேட்பதே பழைய இ.சி.ஜி.யைத்தான்.

சம்மரியே தரவில்லை, முழு ஆவணங்களும் வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன.

டிஸ்சார்ஜ் சம்மரியை மேலிருந்து கீழே படிக்காதீர்கள்

முதலில் 'டயக்னோசிஸ்' என்ற தலைப்பைப் பாருங்கள், என்ன நோய் என்பது அங்கே இருக்கும். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவி 'அட்வைஸ்' பகுதியைப் படியுங்கள், என்ன மருந்து, என்ன சாப்பாடு, எப்போது மறுபடி வர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நடுவில் இருக்கும் பகுதி மற்ற டாக்டர்களுக்காக எழுதப்பட்டது, அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டயக்னோசிஸ் வரியில் நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருந்தால் அதைக் கவனியுங்கள். 'சந்தேகிக்கிறோம், உறுதியாகவில்லை' என்று அர்த்தம். கேள்விக்குறியோடு டெங்கு என்று எழுதியிருந்தால் டெங்கு வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் போன் போட வேண்டாம். 'ரூல் அவுட்' என்று எழுதியிருந்தாலும் அந்த நோய் இல்லை என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்றே பொருள். ஆனால் 'ரூல்டு அவுட்' என்றால் பார்த்தாகிவிட்டது, இல்லை. ஒரு எழுத்து வித்தியாசத்தில் மொத்த அர்த்தமும் தலைகீழாகிவிடுகிறது.

'கே.சி.ஓ.' என்பது ஏற்கெனவே இருக்கும் நோய். 'கே.சி.ஓ. டி2டிஎம், எஸ்.எச்.டி.என்.' என்று நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எழுதினால் ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் என்று பொருள். 'சி.ஓ.' என்பது என்ன தொந்தரவு என்று நோயாளி சொன்னது, 'எச்.ஓ.' பழைய விவரம், 'ஓ.இ.' டாக்டர் தொட்டுப் பார்த்துக் கண்டது. 'எஸ்.பி.' என்று போட்டு ஏதாவது ஆபரேஷன் பெயர் இருந்தால் அது முன்பே செய்து முடித்தது. சி.கே.டி. என்றால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, சி.ஏ.டி. இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய், சி.வி.ஏ. பக்கவாதம். ஏ.ஜி.இ. என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம், திடீரென்று வந்த வாந்தி பேதிதான்.

உடல் பரிசோதனைப் பகுதியில் 'பி.ஏ.இ. ப்ளஸ்', 'பி.ஏ. சாஃப்ட்', 'என்.எஃப்.என்.டி.' என்று புரியாத எழுத்துகளாக இருக்கும். மூன்றும் நல்ல செய்திதான்: இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகிறது, வயிறு மிருதுவாக இருக்கிறது, கை கால் பேச்சு எதிலும் நரம்புக் குறைபாடு தெரியவில்லை. 'என்.ஏ.டி.' என்றாலும் கோளாறு எதுவும் தென்படவில்லை என்றே பொருள்.

ஒரே சுருக்கத்துக்குப் பிரிவைப் பொறுத்து வேறு வேறு பொருள் வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதயப் பிரிவில் எம்.எஸ். என்றால் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது, நரம்பியல் பிரிவில் அதே எம்.எஸ். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வேறு நோய். சர்ஜரி வார்டில் 'பி.ஓ.டி. 3' என்றால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். பெண்களின் வயிற்று ஸ்கேனில் வரும் பி.ஓ.டி.யோ கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள ஓர் இடம். கூகிள் இதையெல்லாம் பார்த்துச் சொல்லாது, எந்தப் பிரிவின் தாள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அட்வைஸ் பகுதியின் கடைசி வரியில் பெரும்பாலும் 'ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.' என்று இருக்கும். தேவைப்பட்டால் வாருங்கள் என்று பொருள். எது தேவை என்பதை அங்கே எழுதியிருக்க மாட்டார்கள்! கிளம்பும் முன்னால், என்னென்ன தெரிந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று கேட்டு, அந்த வரிக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டு: இங்கேதான் நிஜமான ஆபத்து

1-0-1 முறை நம் ஊரில் எல்லாருக்கும் பழக்கம்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. சுருக்கெழுத்தில் எழுதினால் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி. இரண்டு முறை, டி.டி.எஸ். மூன்று முறை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. 'ஸ்டாட்' என்றால் இப்போதே ஒரு முறை, அதோடு சரி. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எல்லாம் லத்தீன் மொழியிலிருந்து வந்த சுருக்கங்கள், மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணாடிச் சீட்டில் மட்டும் ஓ.டி. என்றால் வலது கண்.

ஓ.டி.க்குப் பக்கத்தில் இன்னொரு சுருக்கம் இருக்கிறது: ஓ.டபிள்யூ., வாரம் ஒரு முறை. மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. தினமும் போடுவது என்று நினைத்து எடுத்தவர்களுக்கு வாய்ப்புண் வந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போயிருக்கிறது. உலகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும் தவறு இது. வீட்டில் யாருக்காவது அந்த மாத்திரை இருந்தால் 'செவ்வாய் மட்டும்' என்று கிழமையைத் தமிழில் பெரிதாக அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையும் வழக்கமாக வாரத்துக்கு ஒன்றுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் 'தேவைப்பட்டால்' என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் இரண்டு மாத்திரைக்கு நடுவில் எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடவும் குறைவு. சிக்கல் என்னவென்றால் சளிக்கு, உடம்பு வலிக்கு என்று வேறு வேறு பெயரில் வரும் பல மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். இரண்டு அட்டையில் ஒரே மருந்து இருந்தால் கேட்காமல் இரண்டையும் கொடுக்காதீர்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இதில் மருந்துக் கடைக்காரரின் கத்தரிக்கோல் வேறு ஒரு தொல்லை. பத்து மாத்திரை அட்டையை நான்காக வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அந்தப் பக்கத்துத் துண்டோடு போய்விடும். பெயர் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வாங்கின இடத்திலேயே முழு அட்டையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பது சும்மா சொல்வதில்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டியது. அது போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது, காப்பியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பான்டோப்ரசோல் மாதிரி அல்சர் மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் வலி மாத்திரைகளும் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட பின்.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படிக்காமல் போகாதீர்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போகும். சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு ஒற்றை எழுத்து யு போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது, கிறுக்கல் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் ஊசி போடும் முன் போன் செய்து கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைத் தாள்

தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு வரும் எண்ணைப் பார்த்தவுடன் வயிறு கலங்கும். அந்தக் 'குறிப்பு அளவு' எப்படி வந்தது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் நிறைய பேரைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதம் பேரின் எண்களை எடுத்து, அதையே நார்மல் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களிலேயே இருபதில் ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். மாஸ்டர் செக்கப் என்று அறுபது எழுபது சோதனையை ஒரே நாளில் செய்தால் ஒன்றிரண்டு தடித்த எழுத்து வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது, போன தடவை எவ்வளவு இருந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3 என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் 0.8, 1.0, 1.3 என்று ஏறி வந்திருந்தால் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம்.

சில எண்கள் மட்டும் நினைவில் இருந்தால் போதும். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் கீழே போனால் ரத்தசோகை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும், எச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் எல்லை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கு முந்தைய நிலை. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால் சோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பை நிறுத்தி அதை ஏமாற்ற முடியாது. பிளேட்லெட் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை; சில லேப்களில் ஆயிரக் கணக்கில் 150 என்று போடுவார்கள், அதுவும் ஒன்றரை லட்சம்தான், பதற வேண்டாம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் 'எனக்குச் சுகர் 7' என்றால் சிரிக்காதீர்கள், அங்கே அலகு வேறு. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு 126 வரும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் 'பஸ் செல்ஸ் 2-4' என்று இருக்கும். பஸ் என்றால் சீழ் என்று அகராதியில் பார்த்துவிட்டு பயந்து போகிறவர்கள் உண்டு. நாலைந்து வரை இருப்பது சாதாரணம்.

இப்போது பாசிட்டிவ், நெகட்டிவ். பேச்சு வழக்கில் பாசிட்டிவ் என்றால் நல்லது. பரிசோதனைத் தாளில் அப்படி இல்லை, தேடிய பொருள் கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். ட்ரெட்மில் சோதனை பாசிட்டிவ் என்றால் பாஸாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்; ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்ற சந்தேகம் வந்திருக்கிறது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி நெகட்டிவ் என்றால் சந்தோஷப்படலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைச் சோதனைகளில் 'நான் ரியாக்டிவ்' என்று வந்தால் இல்லை என்று அர்த்தம். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் 'நோ க்ரோத்' என்றால் கிருமி எதுவும் வளரவில்லை. வளர்ந்திருந்தால் கீழே மருந்துப் பட்டியலில் 'சென்சிடிவ்' என்றிருப்பது அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து, 'ரெசிஸ்டன்ட்' என்றிருப்பது அதனிடம் பலிக்காத மருந்து. சென்சிடிவ் என்று பார்த்ததும் அலர்ஜி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெகட்டிவ் என்பதும் எல்லா நேரமும் 'இல்லவே இல்லை' ஆகாது, எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. டெங்குவில் என்.எஸ்.1 சோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும், கிருமியை எதிர்க்க உடம்பு முதலில் உண்டாக்கும் ஐ.ஜி.எம். நான்கைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஆறாவது நாள் என்.எஸ்.1 நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதற்குப் பிறகு வந்து நெடுநாள் தங்கும் ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போனதாக இருக்கலாம். டைஃபாய்டுக்குச் செய்யும் வைடால் சோதனையும் இப்படித்தான், நம் ஊரில் அந்தக் கிருமி பரவலாக இருப்பதால் டைஃபாய்டு இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

ஸ்கேன், எக்கோ, இ.சி.ஜி.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருக்கும் இரண்டு மூன்று வரிதான் சாரம். மேலே உள்ள ஒரு பக்கம் ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்து எழுதியது. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் சொல்லும்படி ஒன்றும் இல்லை, அதாவது நல்லது. 'கோரிலேட் கிளினிக்கலி' என்றால் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று படம் பார்த்தவர் ஒதுங்கிக்கொள்கிறார், நியாயமும் அதுதான்.

ஏனென்றால் படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல. முதுகு எம்.ஆர்.ஐ.யில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' (கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு புடைத்திருப்பது) என்று இல்லாத ரிப்போர்ட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். முதுகுவலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்கு இப்படி டிஸ்க் புடைப்பு இருந்தது. வயதானால் முடி நரைக்கிற மாதிரிதான். வலிக்குக் காரணம் அதுதானா என்பதை டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனான எக்கோவில் 'ஈ.எஃப். 60 சதவீதம்' என்று பார்த்துவிட்டு இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்கிறது, நாற்பது போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. அது பரீட்சை மார்க் இல்லை. இதயம் ஒரு முறை சுருங்கும்போது இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. யாருடைய இதயமும் முழுசாகக் காலி செய்வதில்லை, 55 முதல் 70 வரை நார்மல். அதற்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், 40-க்குக் கீழே போனால் கவலை அதிகம். 'நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.' என்றால் இதயச் சுவர் எல்லாப் பக்கமும் ஒழுங்காக அசைகிறது, அதுவும் நல்ல செய்தி. 'ட்ரிவியல்' என்று வால்வுப் பெயரோடு வந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு கசிவு.

இ.சி.ஜி.யில் 'நார்மல் சைனஸ் ரிதம்' என்று அச்சாகி இருக்கும். மூக்கடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இதயத்தின் மேலறையில் சைனஸ் நோட் என்ற இடத்திலிருந்துதான் துடிப்புக்கான மின்சாரம் கிளம்ப வேண்டும், அங்கிருந்தே ஒழுங்காகக் கிளம்புகிறது என்று சொல்கிறது அந்த வரி.

அப்புறம் இந்த 'ஆஞ்சியோ'. குடும்பங்களில் இதைப் போலக் குழப்பம் தரும் சொல் வேறில்லை. ஆஞ்சியோகிராம் என்றால் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்ப்பது மட்டும். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அடைப்பைப் பலூனால் விரித்து, பெரும்பாலும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாயை வைப்பது. 'அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணியாச்சு' என்று சொன்னால் எது என்று கேளுங்கள், சம்மரியில் எது என்று பாருங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் மாதிரி இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போகிறேன், ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னார்கள் என்று அதை நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்துவதோ வேண்டாமோ, இதய டாக்டர் சொல்லட்டும்.

நீளமான சொற்களை உடைத்துப் படிக்க

இது சுலபம். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு, ஹெப்படைட்டிஸ் கல்லீரல். 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிட்டார்கள்: ஹிஸ்டெரெக்டமி கர்ப்பப்பை, கோலிசிஸ்டெக்டமி பித்தப்பை. 'ஆஸ்டமி' என்றால் வெளியே ஒரு வழி திறந்து வைப்பது, 'ஆஸ்கோபி' என்றால் குழாய் விட்டு எட்டிப் பார்ப்பது. 'ஓமா' என்றால் பெரும்பாலும் கட்டி, ஆனால் கார்சினோமாவும் லிம்ஃபோமாவும் புற்றுநோய், லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, ஹீமடோமா ரத்தக்கட்டு, க்ளாக்கோமா கண்ணழுத்த நோய். ஆக, 'ஓமா'வைப் பார்த்து மட்டும் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு. போனில் கேட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், வைத்தியமோ நேர் எதிர். சர்க்கரை 70-க்குக் கீழே போவது ஹைப்போகிளைசீமியா. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும், விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். எதிர்முனையில் 'ஹைப்போ' என்று சொன்னால் 'சுகர் குறைவா, அதிகமா' என்று தமிழில் திருப்பிக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

'அக்யூட்' என்றால் கடுமை என்று பலர் நினைக்கிறார்கள். திடீரென்று வந்தது என்றுதான் பொருள். 'க்ரானிக்' என்றால் முற்றிவிட்டது என்று இல்லை, நாள்பட்டது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுவிட்டது என்று இல்லை, உடம்புக்குத் தேவையான அளவு தள்ள முடியாமல் திணறுகிறது. நின்றுவிட்டால் அது கார்டியாக் அரெஸ்ட், அது வேறு.

வார்டு வாசலில் சொல்லும் சொற்கள்

ஐ.சி.யு. கதவைத் திறந்து 'ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குணமாகி வருகிறார் என்று அர்த்தம் இல்லை, இப்போதைக்கு மோசமாகாமல் நிற்கிறார், அவ்வளவுதான். 'க்ரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்' என்பதும் இதனால்தான் சாத்தியம். 'ப்ரோக்னோசிஸ் கார்டட்' என்று எழுதினால் உறுதி சொல்ல முடியாத நிலை, நெருங்கிய சொந்தங்களுக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. 'ஷாக்' என்றால் மின்சாரமோ அதிர்ச்சியோ இல்லை, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத அவசர நிலை, பெரும்பாலும் ரத்த அழுத்தமும் சரிந்திருக்கும்.

'என்.பி.எம்.' என்று கட்டிலில் அட்டை தொங்கினால் வாய்வழியாக எதுவும் கூடாது. பாவம் நாக்கு வறண்டு போகிறது என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால்கூட மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், ஆபரேஷனையே தள்ளிப் போட வேண்டி வரும். 'ஐ.ஓ. சார்ட்' எழுதச் சொன்னால் உள்ளே போன நீர், வெளியே வந்த நீர் இரண்டையும் அளந்து எழுதுங்கள், அளக்காமல் குத்துமதிப்பாக எழுதினால் எழுதாமலே இருக்கலாம். 'எலெக்டிவ்' என்றால் நாள் குறித்துச் செய்யலாம், அவசரமில்லை. 'ஏ.எம்.ஏ.' என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நாங்களே கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரிய வேண்டும்

நம் சொற்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. 'மயக்கமாக வருகிறது' என்று நாம் சொன்னால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா என்று டாக்டருக்குத் தெரியாது. மூன்றும் மூன்று வேறு வழியில் போகும் விசாரணை. 'சளி' என்றால் மூக்கிலா நெஞ்சிலா, எந்த நிறம் என்று சொல்லுங்கள். 'வாய்வுப் பிடிப்பு' என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு போக வேண்டாம், மாரடைப்பு வந்தவர்களில் பலர் முதலில் சொல்வது அதைத்தான். எங்கே, எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் பரவுகிறது, நடந்தால் கூடுகிறதா என்பதைச் சொன்னால் போதும், பெயரை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். வியர்வையோடு நெஞ்சு இறுக்கம் என்றால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் விளக்கி முடித்ததும், 'சார், நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள்' என்று நம் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். மேடம் என்றால் மேடம். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். அவசரத்தில் இருக்கும் டாக்டர் என்றால் வெளியே வந்து வார்டு சிஸ்டரிடமோ மருந்து கொடுக்கும் ஃபார்மசிஸ்டிடமோ இதே கேள்வியைக் கேட்கலாம், மருந்து விஷயத்தில் அவர்கள் இன்னும் பொறுமையாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 104 எண்ணில் கூப்பிட்டும் உடல்நலச் சந்தேகங்களைக் கேட்கலாம்.

அடுத்த முறை ரிவ்யூவுக்குப் போகும்போது ஃபைலோடு, வீட்டில் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, லேகியம், சித்த மருந்துச் சூரணம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சத்து மாத்திரை எதையும் விட்டுவிடாமல்.